வீமன் சுற்றி வரும் வழி



சென்ற மாதம் இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எங்கள் தீவில் பிறந்தவர். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த நாட்டின் வடக்கில் குடியிருக்கிறார். உறைக்குள் ஒரு படமும் இருந்தது. பாசி பிடித்த கற்கள், பின்னால் வெள்ளையாகக் கொட்டும் அருவி, முன்னால் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு கறுப்பு நாய். படத்தின் பின்பக்கத்தில் ‘இங்கில்டனில் நாங்கள் மூவர்’ என்று எழுதியிருந்தார். அவரும் கணவரும் இரண்டு பேர். மூன்றாவது ஆள் யாரென்று படமே சொல்கிறது.

இங்கில்டன் யோர்க்‌ஷயரில் ஒரு கிராமம். ட்விஸ், டோ என்று இரண்டு சிற்றாறுகள் அங்கே வந்து கூடுகின்றன. ஒன்றின் கரையோடு ஏறி, மேட்டைக் கடந்து, மற்றதன் கரையோடு இறங்கினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர். வழி முழுக்க ஓக் மரச் சோலை, செங்குத்தான பாறை இடுக்கு, ஒன்றன்பின் ஒன்றாக அருவிகள். 1885-இல் திறந்த பாதை. உள்ளே போகக் காசு கட்ட வேண்டும். நாயை வாரில் பிடித்திருந்தால் அதற்கும் அனுமதி உண்டு. இவ்வளவையும் எழுதிவிட்டு அவர் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: “ஐயா, அடுத்த வருடம் ஊருக்கு வர யோசிக்கிறோம். இப்படி நாயோடு காட்டுக்குள்ளும் ஆற்றோரமும் நடந்து ஒரு சுற்றுச் சுற்றி வர மன்னாரில் இடம் இருக்கிறதா?”

முதலில் சிரிப்புத்தான் வந்தது. மன்னார்த் தீவில் அண்ணாந்து பார்க்கக்கூடியவை மூன்றே மூன்று: பனை, தேவாலயக் கோபுரம், 2020 டிசம்பருக்குப் பிறகு ‘தம்பபவனி’யின் முப்பது காற்றாலைகள். மலை இல்லை. மலை இல்லாத இடத்தில் மலையிடுக்குக்கு எங்கே போவது? தீவுக்குள் ஆறும் கிடையாது. பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்துக்குப் போனால் அருவி ஆறு இருக்கிறது. பெயரிலேயே அருவியை வைத்துக்கொண்டு, எங்கள் பக்கத்தில் தேக்கம் அணைக்கட்டில் வழிவதைத் தவிர ஒரு முழ உயரத்திலிருந்துகூட விழாத ஆறு அது. சிங்களத்தில் அதை மல்வத்து ஓயா என்பார்கள், பூந்தோட்ட ஆறு. இலங்கையில் மகாவலிக்கு அடுத்து நீளமானது, 164 கிலோமீற்றர். அநுராதபுரத்தைத் தொட்டுக்கொண்டு வந்து, கட்டுக்கரைக் குளத்துக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அரிப்புக்கு வடக்கே கடலில் கலக்கிறது.

‘அப்படி இடம் இல்லை அம்மா’ என்று இரண்டு வரியில் பதில் எழுதி முடித்துவிட்டேன். மேசைக்குக் கீழே வீமன் படுத்திருந்தான். வீமன் எங்கள் நாய். ஏழு வயது. சாதி கேட்டால் மன்னார்ச் சாதி என்று சொல்வேன்: மண் நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்திருக்கும். மாரி மழையில் எங்கள் படலைக்கு வெளியே நின்ற குட்டி. படலையைத் திறந்துவிட்டது யாரென்று வீட்டில் இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து வருடமாக அவனும் நானும் விடிய எழும்பி ஒரே வழியைத்தான் சுற்றி வருகிறோம். அதற்குப் பெயர் கிடையாது, பலகை கிடையாது, காசு கிடையாது. கடிதத்தை உறையில் போடுகிற நேரத்தில்தான் அது உறைத்தது. எழுதியதைக் கிழித்துப் போட்டேன். இந்தப் பக்கம் அவருக்கு நான் எழுதும் இரண்டாவது பதில்.

காடும் ஆறுந்தான் வேண்டும் என்பவருக்கு முதலில் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். அருவி ஆற்றோரம் நடந்து வந்தவர்களில் எழுதி வைத்தவர் ஒருவர், ரொபர்ட் நொக்ஸ். ஆங்கிலேயக் கப்பல்காரர். 1660-இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி அரசனின் கைதியாகப் பத்தொன்பது வருடம் மலைநாட்டில் இருந்தவர். ஊர் ஊராகச் சாமான் விற்கிறவரைப் போலத் திரிந்து வடக்கே போகும் வழியை விசாரித்து வைத்திருந்தார். 1679-இல் ஸ்டீபன் ருட்லண்ட் என்ற தோழருடன் புறப்பட்டு, அநுராதபுரம் கடந்து, இந்த ஆற்றையே வழிகாட்டியாகப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள்ளால் நடந்து, ஒக்டோபரில் அரிப்பில் ஒல்லாந்தரின் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். இரண்டு வருடம் கழித்து லண்டனில் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் அந்த நடை முழுவதும் இருக்கிறது. சுற்றி வரும் யோசனை அவருக்கு இருந்திருக்க நியாயமில்லை. திரும்பிப் போவதற்கா அத்தனை பாடுபட்டார்! கூட ஒரு நாய் வந்திருந்தால் அது குரைத்த முதல் குரைப்பிலேயே கதை முடிந்திருக்கும்.

இன்றைக்கும் அந்த ஆற்றங்கரைக்கு நாயைக் கூட்டிப் போக நான் சொல்ல மாட்டேன். மருத மர நிழல் அழகுதான், கோடையில் ஆற்று மணல் மெத்தையைப் போல இருக்கும். ஆனால் ஆங்காங்கே மிஞ்சி நிற்கும் மடுக்களில் முதலை கிடக்கும். தண்ணீர் குடிக்கக் குனிகிற நாய் அதற்கு வசதியான உயரம். சிறுத்தைக்கு நாய் இறைச்சி பிடிக்கும். யானை விஷயம் எல்லாவற்றையும்விட மோசம்: நாய் போய்க் குரைக்கும், யானை துரத்தும், நாய் நேரே எசமானிடம் ஓடி வரும், பின்னால் யானையும் வரும். தெற்கே கொஞ்சம் போனால் வில்பத்து எல்லை. தேசிய பூங்காவுக்குள் வளர்ப்புப் பிராணிகளைக் கொண்டுபோகச் சட்டம் இடம் கொடுக்காது. பள்ளத்தாக்கும் அருவியும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் மலையகத்துக்குப் போங்கள். கண்டிப் பக்கமிருந்து நுவரெலியா வரைக்கும் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் பீக்கோ நடைபாதை என்று முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் இருபத்திரண்டு துண்டாகப் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் சுற்றுக்கு வருகிறேன்.

விடிய ஐந்தரைக்குப் புறப்படுவோம். ஒழுங்கையால் ஏறிப் பெரிய வீதிக்கு வந்தால், முதல் பஸ் இன்னும் உறுமத் தொடங்கியிருக்காது. தேத்தண்ணீர்க் கடையில் மட்டும் வெளிச்சம். வீமனுக்குக் கிலோமீற்றர் தெரியாது, மின்கம்பத்தால் அளக்கிறவன். என் கணக்கில் முழுச் சுற்றும் ஐந்து கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு.

முதலில் கோட்டை. 1560-இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1658-இல் ஒல்லாந்தர் பிடித்து, 1696-இல் திருத்திக் கட்டினார்கள். 1795-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. நான்கு மூலையிலும் கொத்தளம், சுற்றி அகழி. இங்கில்டன்காரர் கேட்ட இடுக்குக்குப் பதிலாக என்னால் காட்டக்கூடியது இந்த அகழிதான். இருபக்கமும் கல், நடுவில் தண்ணீர். அதற்கு மேல் கேட்கக் கூடாது. அகழி ஓரத்தில் நின்றால் பாலம் தெரியும். 1990-இல் தகர்த்து, இருபது வருடம் கழித்து 2010-இல் புதிதாகத் திறந்தது. பாலத்துக்கு இருபுறமும் பரவைக் கடல், காலையில் தகடு போலக் கிடக்கும்.

கோட்டையடியில்தான் கழுதைகள். மன்னாருக்கு வெளியே இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள், வீதி நடுவில் படுத்துத் தூங்கும் கழுதைகளை விலத்திக்கொண்டுதான் இங்கே பஸ் போகும். அரபு வணிகர் பொதி சுமக்கக் கொண்டுவந்தவற்றின் வழிவந்தவை என்று பெரியவர்கள் சொல்வார்கள். பொதி போய்விட்டது, வணிகரும் போய்விட்டார்கள், கழுதை மட்டும் நிற்கிறது. அடிபட்டவற்றைக் கவனிக்க ஊரில் இப்போது ஒரு கழுதை வைத்திய நிலையமும் உண்டு. கழுதைக்கு நாயைக் கண்ணில் காட்டக் கூடாது. வேறு நாடுகளில் ஆட்டு மந்தைக்குக் காவலாகக் கழுதை வளர்ப்பதே ஓநாயையும் நாயையும் அது நின்று எதிர்க்கும் என்பதற்காகத்தான். வீமன் குட்டியாக இருந்தபோது இந்த விஷயம் அவனுக்குத் தெரியாது. ஒரு பெட்டைக் கழுதையின் குட்டியை மோந்து பார்க்கப் போனான். தாய் திரும்பியும் பார்க்கவில்லை. பின்னங்காலை மட்டும் ஒருதரம் எடுத்து வைத்தது. அன்று முதல் கோட்டையடி வந்தால் அவனாகவே என் இடது பக்கத்துக்கு மாறிக்கொள்வான். வாரே தேவையில்லை.

அங்கிருந்து பள்ளிமுனை நோக்கித் திரும்பினால் பெருக்கமரம். ஆபிரிக்காவுக்கு உரிய மரம். அரபு மாலுமிகள் 1477-இல் நட்டார்கள் என்று சொல்லி வருகிறார்கள். உயரம் ஏழரை மீற்றர்தான். அடிமரத்தைச் சுற்றி அளந்தால் பத்தொன்பது மீற்றருக்கு மேல் வரும். ஒரு மரத்தை விட ஒரு வீட்டைச் சுற்றி வருவதாகத்தான் தோன்றும். வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு வேரைப் பிடுங்கித் தலைகீழாக நட்டதுபோல நிற்கும். பூ இரவில் விரியும். அதற்கு வௌவால் வரும். அந்த மரத்தடி எங்களுக்குப் பாதி வழி. நான் இருப்பேன், வீமன் மரத்தை முழுதாக ஒருதரம் சுற்றிவிட்டு வருவான். பெரிய சுற்றுக்குள் அவனுக்கென்று ஒரு சின்னச் சுற்று. ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட அவன் அதைத் தவறவிட்டதில்லை. மரத்தின் மறுபக்கம் அவனுக்கு என்ன தகவல் கிடைக்கிறதென்று எனக்குத் தெரியாது.

மரத்தடியிலிருந்து கரைக்கு. வள்ளங்கள் வந்து சேரும் நேரம். மீன் தெரிகிற இடத்தில் வாரை இரண்டு முழத்துக்கு மேல் விடக் கூடாது. வலையிலிருந்து கழித்து எறிகிற பேத்தை மீன் மணலில் கிடக்கும். ஊதிய வயிறும் முள்ளுமாக விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஒரு நாய் செத்துப்போக அதில் ஒரு வாய் போதும். கெளுத்தி முள், அறுந்த தூண்டில், நைலோன் வலைத் துண்டு எல்லாம் அந்தக் கரையில் உண்டு. தாகத்தில் உப்புத் தண்ணீரை நக்க விட்டால் வீட்டுக்கு வந்து வாந்தி எடுக்கும். ஆகையால் என் தோளில் ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு சிரட்டையும் எப்போதும் தொங்கும். சிரட்டையைப் பார்த்து ஒரு கடற்றொழிலாளி கேட்டார்: “என்ன மாஸ்டர், விடியவே கள்ளுக்கோ?” அதற்குப் பிறகு அவர் என்னைக் கண்டால் வேறு எதுவும் கேட்பதில்லை, இதையேதான் கேட்பார்.

கடைசித் துண்டு பனங்கூடல். காடு என்று எங்களுக்கு இருப்பது அதுவும், அதற்கு வெளியே குடை விரித்தாற்போல் நிற்கும் உடை மரங்களும்தான். ஓக் சோலையின் ஈரமும் பாசியும் இங்கே கிடையாது. காற்று மட்டும் உண்டு. சோளகம் வீசுகிற மாதங்களில் பனங்கூடலுக்குள் நின்றால் ஆறு ஓடுகிற சத்தம் கேட்கும். ஓலைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். கண்ணை மூடிக்கொண்டால் அருவி என்றும் நினைத்துக்கொள்ளலாம். கண்ணைத் திறந்துதான் நடக்க வேண்டும். பனை மட்டையின் கருக்கு நாயின் பாதத்தைக் கிழிக்கும், உடை முள் ஏறினால் குறட்டால்தான் இழுக்க வேண்டும். காவோலைக்குக் கீழே சுருட்டைப் பாம்பு இருக்கும். சின்னப் பாம்பு, பொல்லாத விஷம். காவோலை சரசரத்தால் வீமன் அசையாமல் நிற்பான். நானும் நிற்பேன். அணில் என்று தெரிந்த பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நடப்போம்.

ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பங்குனி, சித்திரையில் அதற்கும் முன்னால். தார் வீதியில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு எண்ணும்வரை வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் முடியாது. அதற்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கால் இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மடு யாத்திரைக்கு நடந்து போகிற பிள்ளைகள் தங்கள் நாயையும் வெய்யிலில் இழுத்துக்கொண்டு போவதை ஆவணி மாதத்தில் கண்டிருக்கிறேன். நாய்க்கு நேர்த்திக்கடன் எதுவும் கிடையாது பிள்ளைகளே.

வழியில் மனிதர்களும் உண்டு. நாயோடு நடக்கிறவன் முதலில் படிக்க வேண்டியது அவர்களைத்தான். சுபஹ் தொழுகைக்கு வுழூ செய்துகொண்டு போகிறவர் எதிரே வந்தால், வாரைச் சுருட்டி வீதியின் மறுபக்கம் போய்விடுவேன். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும் என்பது அவர்களுடைய முறை. விடிய நேரத்தில் அந்தச் சிரமத்தை ஒருவருக்குக் கொடுப்பானேன்? இதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டது ஒரு முஸ்லிம் நண்பரிடம்தான். அவரே இன்னொன்றும் சொன்னார்: குகைக்குள் உறங்கிய இளைஞர்களோடு வாசலில் முன்னங்காலை நீட்டிப் படுத்திருந்த நாய் குர்ஆனில் வருகிறது. எங்கள் சைவ வீடுகளுக்கு வைரவரின் வாகனம் நாய். கத்தோலிக்கருக்குப் புனித ரொக். நோயில் காட்டில் கிடந்தவருக்கு அப்பத்துண்டு கொண்டுவந்து கொடுத்த நாயோடுதான் அவருடைய சுரூபம் நிற்கும். பாரதத்தில் தருமரோடு சுவர்க்க வாசல்வரை போனது நாய்; வீமன் வழியிலேயே விழுந்துவிட்டான். எங்கள் வீட்டில் வீமனும் நாயும் ஒருவனே என்பதால் அந்தப் பிரச்சினை எழவில்லை. இத்தனை சமயத்திலும் வாசலில் ஒரு நாய் படுத்திருக்கிற தீவில், கல் எறிகிற பழக்கம் மட்டும் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக எப்படி வந்தது?

நாய் வளர்க்கக் கூடாது என்று நெடுநாள் இருந்தவன் நான். 1990-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருடம் இந்தத் தீவின் கரைகளிலிருந்து எத்தனை குடும்பங்கள் இரவோடு இரவாக இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எங்களிடம் மணியன் என்று ஒரு நாய் இருந்தது. கரைவரைக்கும் வந்தது. ஓட்டி ஆட்களையே எண்ணிக்கொண்டிருந்தார். நாயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்மா வழிக்கென்று கட்டி வைத்திருந்த ரொட்டியில் ஒன்றை எடுத்து மணலில் போட்டார். அது தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்த நேரத்தில் வள்ளத்தைத் தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி முதலான ஊர்களின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டுக் கடல் வழியாகக் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். அவர்களுடைய ஆடுகள் பூட்டிய வீடுகளின் வாசலில் நாட்கணக்காக நின்றதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நாங்கள் மண்டபம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது நான் மீசை வைத்தவன். மணியனைப் பற்றிக் கேட்க வெட்கமாக இருந்தது. மனிதர்களைப் பற்றியே பதில் இல்லாத ஊரில் நாயைப் பற்றி யாரிடம் கேட்பது?

புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் நடை என்று இங்கில்டன்காரர் எழுதியிருந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றதற்குக் காரணம் இதுதான். நொக்ஸ் திரும்பி வரவில்லை. நாங்கள் திரும்பி வர வருடக்கணக்கானது. வீமன் தினமும் ஏழு மணிக்குள் திரும்பி வந்துவிடுகிறான். படலையை மூக்கால் தள்ளிவிட்டு உள்ளே போய்ச் சட்டியில் தண்ணீர் குடிக்கிறான். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே நான் நடக்கிறேன் என்று என் மனைவி சொல்கிறார்.

வீமனைக் கூட்டிப் போகாத இடம் ஒன்று உண்டு, வங்காலைப் பறவைச் சரணாலயம். 2010-இல் ரம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம், 4,800 ஹெக்டேருக்கு மேல். மத்திய ஆசியாவிலிருந்து பறந்து வருகிறவற்றுக்கு இலங்கையில் முதல் தரை எங்கள் தீவும் அதைச் சுற்றிய சேறும்தான். கார்த்திகைக்குப் பிறகு பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாக நிற்கும். ஒரு நாய் சும்மா விளையாட்டுக்கு ஓடினாலே போதும், கூட்டம் முழுதும் எழும்பிவிடும். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து, திரும்பவும் பறக்க உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கிற பறவைக்கு வீண்பறப்பு ஒவ்வொன்றும் நட்டம். படம் எடுப்பதற்காக நாயை அவிழ்த்துவிட்டுப் பறவைகளை எழுப்புகிற இளைஞர்களை இரண்டு தடவை கண்டேன். இரண்டு தடவையும் சண்டை பிடித்தேன். மூன்றாம் தடவையும் பிடிப்பேன்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எங்கள் சுற்றில் வீமனைத் தவிரப் பதினைந்து இருபது நாய்கள் குறுக்கே வரும். கட்டாக்காலி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பாதிக்கு மேல் யாரோ ஒருவர் சோறு வைக்கிற நாய்கள், வாசலுக்கு உள்ளே விடாத நாய்கள். இந்த நாட்டில் 1893-ஆம் ஆண்டிலிருந்தே விசர்நாய்க்கடிக்குச் சட்டம் உண்டு. தெருநாயைப் பிடித்துக் கொல்வதுதான் அக்கால வழி. 2006-இலிருந்து கொல்வதில்லை என்பது அரசின் கொள்கை. ஊசி போடுவதும் கருத்தடை செய்வதும் அதற்குப் பதில் வந்தவை. பாதி வேலைதான் நடக்கிறது. இங்கில்டன் பாதை திறந்த அதே 1885-இல்தான் பாரிஸில் லூயி பாஸ்டர், விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஊசி ஏற்றிக் காப்பாற்றினார். பாஸ்டர் இறந்த நாளான செப்டெம்பர் 28-ஐத்தான் உலகம் விசர்நோய்த் தினமாக வைத்திருக்கிறது. நூற்று நாற்பது வருடமாகக் கையில் மருந்து இருக்கும் நோய் இது. கடி பட்டால் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பிறகு நேரே ஆஸ்பத்திரி. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காசு இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். உங்கள் வாசலில் படுக்கிற நாய் உங்கள் நாய்தான். ஊசி முகாம் வரும்போது அதையும் பிடித்துக் கொண்டு போங்கள்.

இங்கிலாந்து வாசகிக்கு: தங்கச்சி, இடம் இருக்கிறது. ஆனால் உங்கள் கறுப்பனைக் கூட்டி வர வேண்டாம். இங்கே இறக்கக் கால்நடைத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்; திரும்பிப் போக விசர்நோய் இரத்தப் பரிசோதனையும் மாதக்கணக்கான காத்திருப்பும் உண்டு. நம்முடைய வெய்யில் அவனுடைய ரோமத்துக்கு ஆகாது. நீங்களும் கணவரும் வாருங்கள். மூன்றாவது ஆளுக்கு வீமன் இருக்கிறான். பெருக்கமரத்தடியில் அவன் சுற்றி வரும்வரை மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

மற்ற வாசகர்களிடம் கேட்பது ஒன்று. பங்குனி பிறக்கப் போகிறது. படலைக்கு வெளியே ஒரு சட்டித் தண்ணீர் வையுங்கள், கழுதைக்கும் எட்டுகிற உயரத்தில். தினமும் விடிய ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் வையுங்கள். நுளம்பு முட்டையிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்களுக்குத் தண்டம் எழுதுவார், அந்த நேரத்தில் என் பெயரைச் சொல்லித் தப்ப முடியாது.

அன்புடன்,
ஆசிரியர்